மீதி இருபத்துமூன்று மணி நேரம்

வாப்பி, குஜராத்
6 ஆகஸ்ட் 2023

அன்பு ஷீனாவுக்கு,

வாப்பியிலிருந்து உன் மைனி அஞ்சு எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகம். உன் அண்ணன் ஜித்தினுக்கு மட்டும் ஒரு வாரமாக இருமல். கம்பெனியில் சாயப்பொடி பறக்கிறது என்கிறார். ஃபிரிட்ஜ் தண்ணீரை நிறுத்தினால் இருமலும் நிற்கும் என்பது என் கட்சி. மாமாவின் முட்டுவலி எப்படி உண்டு? மாமிக்கு சுகர் இறங்கியதா? பாறசாலையில் மழை விட்டதா?

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் கேட்டால் நீ அந்த நிமிடமே ஏதாவது சொல்லியாக வேண்டும். அங்கே மாமி பக்கத்தில் இருப்பாள், இங்கே உன் அண்ணன் இருப்பார். எனக்கு வேண்டியது நீ யோசித்துச் சொல்லும் பதில்.

போன வாரம் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். உன்னைப்போல, பிறந்த குழந்தைகளின் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். எந்த நாடு என்று தெரியவில்லை. ஒரு குழந்தை இறந்துவிட்டால் அன்று காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போவேன் என்று சொன்னாள். வீடு எவ்வளவு தூரம், போகிற வழியில் என்ன நினைப்பாள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் யாரோ கேக் செய்யும் வீடியோ வந்துவிட்டது. மூன்று நாளாக எனக்கு அதே யோசனை.

நீங்கள் என்ன செய்வீர்கள் ஷீனா? ஒரு குழந்தை போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார். அடுத்த ஐந்து நிமிடம் அந்த அறையில் என்ன நடக்கும்? யார் எங்கே நிற்பார்கள்? யாராவது அழுவார்களா? அழக்கூடாது என்று சட்டம் ஏதும் உண்டா?

சும்மாதான் கேட்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுது, அவசரமில்லை.

இருமலோடு உன் அண்ணனும், கேள்வியோடு நானும்,
அஞ்சு


பாறசாலை
19 ஆகஸ்ட் 2023

பிரியமுள்ள மைனிக்கு,

ஷீனா எழுதுவது. உங்கள் கடிதம் வந்தபோது அம்மைதான் வாங்கினாள். கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்துவிட்டாள். அப்பாவின் முட்டுக்கு எண்ணெய் போடுகிறோம். அம்மைக்கு சுகர் இறங்கவில்லை, பலாப்பழம் எங்கள் வீட்டில் தீரவும் இல்லை. அண்ணனிடம் வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் முன்பு உங்கள் மகள் ஒன்பது நாள் கிடந்ததும் இப்படியொரு அறையில்தான். கொரோனா ஊரடங்கால் நாங்கள் யாரும் வந்து பார்க்கக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு நாம் இதைப் பேசியதே இல்லை. சும்மாதான் கேட்கிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பதால் நானும் சும்மாவே சொல்கிறேன்.

முதல் காரியம், சத்தத்தை நிறுத்துவோம். மானிட்டர் கத்திக்கொண்டிருக்கும். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொல்வார். பிறகு ஞானபாய் சிஸ்டர் வருவார். இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் இருப்பவர். குழாய்களை ஒவ்வொன்றாக எடுப்பார். கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டரை இழுக்கமாட்டார். தேங்காயெண்ணெய் தொட்டு ஊறவைத்துத்தான் எடுப்பார். "இனி இதுக்கு நோவக்கூடாது பாரு" என்பார். வெந்நீரில் பஞ்சு நனைத்து முகம் துடைத்து, புதுத் துணியில் பொதிந்து, அம்மாவின் கையில் கொடுப்பார். இன்னொருத்தி பிள்ளை கிடந்த சூட்டுப் படுக்கையை, அந்த வார்மரை, கழுவத் தொடங்கியிருப்பாள், ஏனென்றால் பிரசவ அறையில் அடுத்தது காத்திருக்கும்.

அழக்கூடாது என்று சட்டம் இல்லை. அழுவதற்கு அந்த ஐந்து நிமிடத்தில் கை ஒழிவதில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு விதம். நிஜின் என்று ஒரு ஆண் நர்ஸ் உண்டு, நேரே கேன்டீனுக்குப் போய் பரோட்டா தின்பான். ஒருத்தி வீட்டுக்கு ஃபோன் போட்டு மகன் என்ன சாப்பிட்டான் என்று கேட்பாள். ஞானபாய் சிஸ்டர் போகிற வழியில் ஒரு கிலோ சாளை மீன் வாங்கி, வீட்டில் வேறு யாரையும் தொடவிடாமல் தானே உட்கார்ந்து ஆய்வார்.

இவ்வளவு போதுமா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் நாத்தனார்,
ஷீனா


வாப்பி
2 செப்டம்பர் 2023

அன்பு ஷீனாவுக்கு,

இங்கே சுகம். இருமல் போய்விட்டது, யாருடைய மருந்தால் என்பதில் மட்டும் வழக்கு முடியவில்லை. உங்கள் மூவரின் சுகத்தையும் பலாப்பழத்தின் சுகத்தையும் எழுது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தேங்காயெண்ணெய் விஷயம் எனக்குத் தெரியாது. என் மகளின் கன்னத்தில் எண்ணெய் மினுங்கியது. ஏன் எண்ணெய் என்று அப்போது நினைத்தேன், யாரிடமும் கேட்கவில்லை. இப்போது ஒரு கேள்வி தீர்ந்தது. ஆனால் ஒன்று தீர்ந்தால் ஐந்து முளைக்கிறது.

பேச்சு வராத அந்தக் குழந்தைகளோடு நீங்கள் பேசுவீர்களா? எல்லாம் ஒரே அளவு, ஒரே குல்லா. உங்களுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறாகத் தெரியுமா? அடக்கத்துக்குப் போவதுண்டா? எத்தனை பேரை நினைவிருக்கும்?

அந்த நிஜின். அவனுக்கு உண்மையிலேயே பசிக்குமா, அல்லது வேறு எதையோ மறைக்கத் தின்கிறானா? அவனிடம் நேரில் கேட்டு எழுது. இது எனக்கு முக்கியம்.

பதிலை எதிர்பார்த்து, தபால்காரருக்குத் தினமும் சலாம் போடும்,
அஞ்சு


பாறசாலை
23 செப்டம்பர் 2023

பிரியமுள்ள மைனிக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். பலாப்பழம் தீர்ந்தது. அம்மை ஞாயிறுதோறும் என்னை ஆராதனைக்கு இழுத்துப் போகிறாள். சர்ச்சில் பாடுகிற கொயரில் வேறு சேர்த்துவிட்டாள்.

பேசுவோம் மைனி. பேசாமல் முடியாது. மாதம் தவறிப் பிறந்த பிள்ளைகள் மூச்சு விட மறந்துபோகும். தூங்கிக்கொண்டே இருக்கும், திடீரென்று நெஞ்சு அசையாது. உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். அப்போது வாய் தானாக வரும்: "எலே, மூச்சு விடுலே. மறந்துட்டியா மக்கா?" அது முகத்தைச் சுளித்துவிட்டு மூச்சு விடும். ஒரு டியூட்டியில் இருபது தடவைகூட இப்படி உண்டு. இருபது தடவை ஒரே ஆளைத் திட்டினால் அந்த ஆள் வேறாகத் தெரியாமல் இருக்குமா? ஒன்று குளிக்கவைத்தால் சண்டை போடும், ஒன்று கண்ணைத் திறந்து விளக்கையே பார்க்கும். ஆளுக்கு ஆள் குணம் உண்டு.

அடக்கத்துக்கு ஞானபாய் சிஸ்டர் ஒரே ஒரு தடவை போனாராம், பிறகு போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். ஏனென்று அவர் சொல்லவில்லை.

நிஜினிடம் கேட்டேன். முதலில் சிரித்தான், பிறகு யோசித்துச் சொன்னான்: "சேச்சி, ஒரு பிள்ளை மோசமா கெடக்கும்போ நாலஞ்சு மணிக்கூர் தண்ணிகூட எறங்காது. முடிஞ்ச உடனே வயிறு திறந்துரும். எனக்கு வெக்கமாட்டு இருக்கும். ஆனா பசி வந்தா என்ன செய்யிறது?" மறைப்பதற்கு இல்லை, உண்மையான பசிதான் என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கொயரில் மூன்றாம் வரிசையிலிருந்து,
ஷீனா


வாப்பி
15 அக்டோபர் 2023

அன்பு ஷீனாவுக்கு,

நாங்கள் சுகம். நவராத்திரி தொடங்கிவிட்டது, தெருவெல்லாம் ஒலிபெருக்கி. உன் அண்ணன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறார். மாமா, மாமி சுகமா?

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஞானபாய் சிஸ்டர் மீன் ஆய்கிறார். நிஜின் பரோட்டா தின்கிறான். ஒருத்தி ஃபோன் போடுகிறாள். நீ என்ன செய்கிறாய்? ஒரு வரி இல்லை. இன்னொன்று: ஐ.சி.யூ. நர்சுக்கு ஞாயிறுதோறும் லீவு எப்படிக் கிடைக்கிறது? கல்யாணம் முடிந்து நான் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் நீ ஒரு ஈஸ்டருக்குக்கூட வீட்டில் இருந்ததில்லை.

நீ சொல்லாததை நான் பிடுங்கக்கூடாது. ஆகவே முதலில் நான் சொல்லாததைச் சொல்கிறேன்.

அன்று என் மகளைத் துணியில் பொதிந்து என் கையில் தந்தார்கள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் கையெழுத்துப் போடப் போயிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் இன்னொருத்தியோடு வெளியே வந்தாள். முகமூடி போட்டிருந்ததால் முகம் தெரியாது. அவள் மலையாளி என்று எனக்குத் தெரியும். எனக்கு மலையாளம் புரியும் என்று அவளுக்குத் தெரியாது. "எனிக்கு வெசக்குந்நெடீ, வா, கழிச்சிட்டு வராம்" என்று அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மற்றவள் ஏதோ சொன்னாள். அவள் சிரித்தாள். பலமாக, வாய்விட்டு.

என் மகள் என் மடியில் இருக்கிறாள், அவளுக்குப் பசிக்கிறது, அவள் சிரிக்கிறாள். இரண்டு வருடமாக நான் அந்தச் சிரிப்பைச் சபித்துக்கொண்டிருக்கிறேன் ஷீனா. உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை, கடவுள் மேலும் இல்லை. அவள் மேல்தான்.

நிஜினின் பசியை நம்புகிறேன். சிரிப்பு எங்கிருந்து வந்தது? நீ சிரித்திருக்கிறாயா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
அஞ்சு


வாப்பி
26 நவம்பர் 2023

அன்பு ஷீனாவுக்கு,

சுகம்தானே? ஆறு வாரமாகிவிட்டது. ஃபோனில் நீ மழையைப் பற்றியும் மாமாவின் முட்டுவலியைப் பற்றியும் பேசிவிட்டு மாமியிடம் கொடுத்துவிடுகிறாய். நான் கேட்டது தப்பு என்றால் தப்பு என்று ஒரு வரி எழுது, போதும். உன்னை அந்த நர்ஸோடு சேர்த்துக் குற்றவாளியாக்கவில்லை. எனக்கு வேறு யாரிடம் கேட்க வழியுண்டு?

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீ பனியில் தலையில் துணி கட்டாமல் ஸ்கூட்டரில் போகிறாய் என்று மாமி சொன்னாள். கட்டிக்கொள்.

அஞ்சு


பாறசாலை
9 ஜனவரி 2024

பிரியமுள்ள மைனிக்கு,

புது வருடத்தில் நீங்கள் இருவரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே அப்பாவும் அம்மையும் சுகம். இந்தக் கடிதத்தை நான் ஐந்து தடவை தொடங்கிக் கிழித்தேன்.

சிரித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. ஒரு தடவை ஒரு குழந்தை போன அரைமணி நேரத்தில் நிஜினின் பேன்ட் கதவுக் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. நாங்கள் நாலு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வெளியே யாராவது பெஞ்சில் இருந்தார்களா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் படித்த அன்று முதல் அந்த பெஞ்சுதான் கண்ணில் நிற்கிறது.

இனி நான் சொல்லாதது. நான் இப்போது ஐ.சி.யூ.வில் இல்லை. ஜூலை முதல் தடுப்பூசி அறையில் இருக்கிறேன், ஞாயிறு லீவு. நன்றாகக் கொழுத்த பிள்ளைகள் வரும், ஊசி குத்தினால் ஊரைக் கூட்டும், அம்மாக்கள் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

காட்டாக்கடையிலிருந்து பிரேமகுமாரி என்று ஒரு பெண். பிறந்தது நம் பக்கம், கெட்டிக்கொடுத்தது அங்கே. கணவன் பெயர் சஜு. அவளுக்கு ஆறரை மாதத்தில் ஒரு ஆண் பிள்ளை, எண்ணூறு கிராம். எங்கள் சீட்டில் அவனுக்குப் பெயர் கிடையாது, "பேபி ஆஃப் பிரேமகுமாரி" என்றுதான் எழுதுவோம். நாங்கள் வைத்த பெயர் வக்கீல். எப்போதும் ஒரு கையை உயர்த்தி யாரோடோ வாதாடிக்கொண்டே கிடப்பான். அறுபத்தொரு நாள் இருந்தான். அதில் முக்கால்வாசி என் கையில். ஆயிரத்து நானூறு கிராம் வந்தான். பிரேமகுமாரி தினமும் பதினொரு மணிக்குப் பாலைப் பிழிந்து குப்பியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். ஒரு மணி நேரம் அவனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைப்போம்.

கடைசியில் குடலில் நோய் வந்தது. முந்தின நாள் மாலையில் வயிறு கொஞ்சம் உப்பினதுபோல எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் சொன்னேன், உடனே மருந்து தொடங்கினார்கள். பிழையொன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் மத்தியானமே பார்த்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடவில்லை. மறுநாள் காலை பத்தேகாலுக்குப் போய்விட்டான்.

பதினொரு மணிக்குக் கண்ணாடி வழியே பிரேமகுமாரியைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினாள். பால் குப்பியை ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவினாள். விரலுக்கு விரல், முழங்கைவரை, நான் சொல்லிக்கொடுத்தபடியே. அவள் கழுவி முடிக்கும் முன் நான் பின் கதவு வழியாக வெளியே போய்த் துணி அறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். ஞானபாய் சிஸ்டர்தான் அவளிடம் சொன்னார். அவர்தான் பிள்ளையைக் கொடுத்தார்.

பிறகு அவள் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "ஷீனா சிஸ்டர் உண்டா? ஒரு காரியம் கேக்கணும்." மூன்று தடவையும் லீவு என்று சொல்லவைத்தேன்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டீர்களே. இதுதான். ஒளிந்துகொள்வேன்.

ஷீனா


வாப்பி
17 ஜனவரி 2024

அன்பு ஷீனாவுக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது, அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். சுகம் விசாரிப்பது கடைசியில்.

அவள் உன்னைக் குறை சொல்ல வரவில்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் குறை சொல்ல வருகிறவள் "ஒரு காரியம் கேக்கணும்" என்று சொல்லமாட்டாள். எனக்கும் கேட்க எவ்வளவோ இருந்தது. என் மகள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள்? விளக்கைப் பார்ப்பாளா? யாராவது அவளைத் திட்டினார்களா? நீ எழுதியதுபோல உள்ளங்காலில் சுண்டித் திட்டினார்களா? எனக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. கொரோனா என்று கண்ணாடிக்கு வெளியே பத்து நிமிடம் நிறுத்துவார்கள். அவ்வளவுதான் என் மகள் எனக்கு. அவளுடைய மீதி நாளெல்லாம் அந்த நர்ஸிடம் இருக்கிறது.

அதுபோல பிரேமகுமாரிக்குக் கிடைத்தது நாளுக்கு ஒரு மணி நேரம். மீதி இருபத்துமூன்று மணி நேரம் உங்களிடம்தான் இருக்கிறது, அதில் அதிகமும் உன்னிடம். அதைக் கேட்கத்தான் வந்திருப்பாள் என்று தோன்றுகிறது. வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

வயிறு உப்பினதையும் சொல். மறைத்தால் மற்றதையெல்லாம் அவள் நம்பமாட்டாள்.

இத்தனை நாள் நான் நர்ஸ்களைப் பற்றி உன்னிடம் கேட்டேன். தாய்மார்களைப் பற்றி நீ என்னிடம் கேட்டிருக்கலாம், நீயும் கேட்கவில்லை.

மாமா மாமி சுகமா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மைனி அஞ்சு


பாறசாலை
12 பிப்ரவரி 2024

பிரியமுள்ள மைனிக்கு,

எல்லாரும் சுகம். அப்பா இப்போது கம்பில்லாமல் ரோடுவரை போகிறார். நீங்கள் சுகம்தானே?

மூன்றாம் தேதி சனிக்கிழமை காட்டாக்கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் விலாசம் எடுத்துத் தந்தது ஞானபாய் சிஸ்டர். கூட வரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பஸ் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். இரண்டு தடவை திரும்பிவிட நினைத்தேன்.

சஜு முற்றத்தில் கயிற்றில் ரப்பர் ஷீட் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். பிரேமகுமாரி வந்து, "சிஸ்டரா? உள்ள வாருங்க" என்றாள். மெலிந்திருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நான் மூணு தடவ வந்தேன் சிஸ்டர்."

"தெரியும். நான் அங்கதான் இருந்தேன். லீவுன்னு சொல்லச் சொன்னது நானாக்கும்."

"எனக்கும் தெரியும். உங்க செருப்பு வெளிய கெடந்துது."

அவளே தொடர்ந்தாள்.

"அவன் அழுறது எப்படி இருக்கும் சிஸ்டர்? மொதல்ல வாயில குழாய், அழுதாலும் சத்தம் வராது. குழாய எடுத்த பொறவு நான் வரும்போ எல்லாம் என் நெஞ்சில கெடந்து ஒறங்குவான். எறக்கி விட்டாலும் ஒறக்கம். ஒரு நாளும் எம்பிள்ள அழுது நான் கேட்டதில்ல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

நான் சொல்லப் பார்த்தேன். குழாய் இருந்த தொண்டை, அதனால் கரகரப்பு இருக்கும், மூன்று தடவை சின்னதாக அழுவான், பிறகு நிறுத்திவிட்டு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பான், யாரும் வரவில்லை என்றால் மறுபடி மூன்று தடவை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் போதாது என்று புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நான் அழுதேன் மைனி, அவன் அழுவதுபோல. மூன்று தடவை, நிறுத்தி, மறுபடி மூன்று தடவை. முப்பத்தொரு வயதில் ஒரு அன்னிய வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து.

கண்ணைத் திறந்தபோது சஜு அடுக்களை வாசலில் நின்றிருந்தார். கையெல்லாம் ஈரம். "ஒருக்கக்கூடி" என்றார்.

இன்னொரு தடவை செய்தேன்.

பிறகு இரண்டு மணி நேரம் பேசினோம். வக்கீல் என்று பெயர் வைத்ததைச் சொன்னதும் பிரேமகுமாரி சிரித்துவிட்டாள். "எங்க மாமனாரு மாதிரி" என்றாள், சஜுவைப் பார்த்து. குளிக்கவைத்தால் எப்படிக் காலை உதைப்பான், எந்தப் பாட்டுக்கு அடங்குவான், எல்லாம் கேட்டாள். வயிற்றைப் பற்றியும் சொன்னேன், மத்தியானம் நான் பார்க்கவில்லை என்பதையும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்க் கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கிளம்பும்போது சஜு பஸ் ஸ்டாப் வரை வந்தார். ஏறும்போது "வரணும் சிஸ்டரே" என்றார்.

திங்கட்கிழமை மேட்ரனைப் பார்த்து ஐ.சி.யூ.வுக்குத் திரும்ப வேண்டும் என்றேன். போன வியாழன் முதல் அங்கே இருக்கிறேன். வீட்டிலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மை அழுதாள், கொயரிலிருந்து நின்றுவிடாதே என்றும் சொன்னாள். நேற்று ஞாயிறு, டியூட்டி. ஒரு பெண் பிள்ளை, தொள்ளாயிரம் கிராம். காலையிலிருந்து பதினான்கு தடவை திட்டினேன்.

அண்ணனுக்கும் உங்களுக்கும் என் அன்பு.

உங்கள்,
ஷீனா


வாப்பி
24 மார்ச் 2024

அன்பு ஷீனாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வெயில் ஏறிவிட்டது. நீ திரும்பவும் டியூட்டிக்குப் போனதில் உன் அண்ணனுக்கு ஒரே பெருமை, தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். என்னுடைய அக்டோபர் மாதக் கடிதத்தில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். பிறகு, "போய்க் கேக்கணுமா? நான் கூட வாறேன்" என்றார். நான் தனியாகவே போனேன்.

மூன்று வருடமாக அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டில் நான் போவதில்லை. ஐ.சி.யூ. வாசலில் என்ன சொல்லி விசாரிப்பது என்று தெரியவில்லை, கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். ஒன்றரை மணிக்கு நர்ஸ்கள் வந்தார்கள். முகம் எனக்குத் தெரியாது. குரலில் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் ஜிஷா, கேரளத்தில் ரான்னி ஊர்க்காரி. உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். அவ்வளவு சின்னப் பெண்ணையா இத்தனை நாள் சபித்தேன் என்று தோன்றியது.

எதிரில் உட்கார்ந்து மலையாளத்தில் சொன்னேன். இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம், கடைசி வார்மர், பெண் குழந்தை, ஒன்பது நாள். அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "எனக்கு நினைவில்லை சேச்சி" என்றாள். "பொய் சொல்லவில்லை. அந்த வருஷம் இங்கே எத்தனை பேர் போனார்கள் தெரியுமா? அந்த மாசத்தில் எதுவுமே எனக்கு நினைவில்லை. என் அப்பா செத்ததும் அந்த மாசம்தான். ஊருக்குப் போக முடியவில்லை."

சிரித்ததையும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "சிரித்திருப்பேன்" என்றாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரும் என்றும் நினைத்தேன், வரவில்லை. ஷீனா, உன்னிடம் இருந்த இருபத்துமூன்று மணி நேரம் போல எனக்காக இவளும் ஏதாவது எடுத்துவைத்திருப்பாள் என்று நம்பிப் போனேன். ஒன்றுமே இல்லை. சில பேருக்கு மறந்தால்தான் மறுநாள் டியூட்டிக்கு வர முடியும் போலிருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டேன்.

எழுந்து வரப் பார்த்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இருங்க சேச்சி. எனக்கு நினைவில்லை, நீங்கள் சொல்லுங்கள். அவள் யாரைப்போல இருந்தாள்?" என்று கேட்டாள்.

என் மகளைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற முதல் கேள்வி. எத்தனை மாதம், எத்தனை கிராம், என்ன நோய் என்றுதான் கேட்டார்கள்.

நெற்றி ஜித்தினைப்போல என்றேன். வாய் என் அம்மையைப்போல. பிறகு அவளிடம் சொன்னதை இதுவரை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவளுடைய காது உன் காது, ஷீனா. மேல்மடல் உள்ளே ஒரு மடிப்பு மடிந்து, அப்படியே. கண்ணாடிக்கு வெளியே நின்று முதல் நாளே பார்த்தேன். உன் அண்ணனும் பார்த்தார். "ஷீனாவாக்கும்" என்றார்.

ஒரு ஃபோட்டோ இருக்கிறது. பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், நாங்கள் இருவரும்கூட ஒன்றாக இருந்து பார்த்ததில்லை. நேற்று பார்த்தோம். இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்திருக்கிறேன். மாமாவையும் மாமியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பிரி. அவர்கள் பேத்தியை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

உன் மைனி,
அஞ்சு